விசில் யார் கையில்

ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர்கள் முதலில் என் தலைமுடியைப் பார்க்கிறார்கள். நரை இல்லை. முப்பத்து மூன்று வயதுக்கு என்ன நரை? ஆனாலும் அந்த வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றவள்தான், ஏனென்றால் அந்த வேலையே இப்போது இல்லை. ஜெர்மனியின் ரூர் பகுதியில் ஒரு சிறிய அமெரிக்கன் ஃபுட்பால் கிளப்புக்கு வீடியோ எடுத்து, வெட்டி, வகைப்படுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் ஏறி நின்ற இரும்புச் சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு கம்பமும், அதன் உச்சியில் தானாகத் திரும்பிப் பந்தைத் தொடரும் கேமராவும் இருக்கின்றன. அது குளிருக்குக் கையுறை கேட்பதில்லை. யாரையும் சந்தேகப்படுவதுமில்லை.

போன வாரம் டிரெஸ்டனிலிருந்து ஒரு மாணவி குரல்செய்தி அனுப்பியிருந்தாள். வேறொரு கிளப்பில் இதே வேலையைப் பகுதிநேரமாகச் செய்கிறாள். "அக்கா, எங்க கோச் யங் கியூபியை ஸ்டார்ட் பண்றதா, சீனியரை ஸ்டார்ட் பண்றதான்னு என்னையே கேக்கறார். டேட்டா கேக்கறார். நீங்க அந்த வருஷம் என்ன சொன்னீங்க?"

"முதலில் விசில் யார் கையில் இருக்கிறது என்று பார்" என்று பதில் போட்டேன். அவள் ஒரு கேள்விக்குறியை மட்டும் திருப்பி அனுப்பினாள். அந்தக் கேள்விக்குறிக்குத்தான் இந்தக் கட்டுரை.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு நான்கு வரி. இது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தோ, தூக்கிக்கொண்டு ஓடியோ முன்னேறும் ஆட்டம். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் குவாட்டர்பேக், சுருக்கமாகக் கியூபி, கைக்கு வரும். எதிரணியின் பெரிய உடம்புகள் தன்னை வந்து மோதித் தரையில் சாய்ப்பதற்குள், யாருக்கு எறிவது என்று அவன் முடிவு செய்து எறிந்துவிட வேண்டும். அணியில் இரண்டு மூன்று குவாட்டர்பேக் இருந்தாலும் களத்தில் ஒருவன்தான் நிற்க முடியும்.

என் பயிற்சிக் காலம் சொல்லும்படியாக இல்லை. கோயம்புத்தூரில் மின்னணுவியல், டிரெஸ்டனில் படப் பகுப்பாய்வில் முதுகலை. நுண்ணோக்கிப் படங்களில் உயிரணுக்களை எண்ணும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு ரூர் பகுதியில் வேலை கிடைத்து வந்தபோது, கிளப்பின் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன். உயிரணுக்களை எண்ணுகிறவளுக்கு இருபத்திரண்டு பேரை எண்ண முடியாதா என்ற திமிர்தான். விதிகளைப் படம் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

வேலை முறை இதுதான். பயிற்சியை இரண்டு கோணங்களில் எடுப்பேன்: பக்கவாட்டிலிருந்து ஒன்று, பின்னால் உயரத்திலிருந்து ஒன்று. பிறகு ஒவ்வொரு எறிதலையும் ஓட்டத்தையும் தனித்துண்டாக வெட்டுவேன். பந்து கைமாறும் நொடியில் துண்டு தொடங்கும். விசில் ஒலியோடு முடியும். இது என் விதி. மற்றவர்கள் கண்ணால் பார்த்து வெட்டுவார்கள். நான் ஒலியலையைப் பார்த்து வெட்டுவேன். விசில் அதில் ஊசி மாதிரி நிற்கும். பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் அணி வரிசை, எறிந்தவர், எறிந்த பக்கம், முடிவு என்று குறிப்புகள். பயிற்சியாளர்கள் அதை மூன்று முறை பார்ப்பார்கள்: முதலில் குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையை, பிறகு பந்து பிடிக்க ஓடுகிறவர்களை, கடைசியாகக் குவாட்டர்பேக்கின் கால்களை. கைகளை அல்ல. "கை பொய் சொல்லும்" என்பார் ஹோல்கர்.

ஹோல்கர் எங்கள் தலைமைப் பயிற்சியாளர். அறுபதை நெருங்கியவர். முன்பு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். சத்தம் போட மாட்டார். ஆப்பிளைப் பேனாக்கத்தியால் சீவிச் சீவி, கத்தி முனையிலிருந்தே சாப்பிடுவார். தனக்கு விடை தெரியாத எதையும் பிறரிடம் கேட்க மாட்டார். நீங்கள் பதில் சொல்லும்போது அவர் பதிலைக் கேட்பதில்லை, உங்களைப் பார்ப்பார். ஐந்து சீசன் அவரோடு வேலை செய்தேன். அவர் என்னைப் பாராட்டிய நாட்களில்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

அந்த வருடம் எங்களிடம் இரண்டு குவாட்டர்பேக்குகள். மூத்தவர் டிராவிஸ், அமெரிக்கர், முப்பத்தாறு வயது. ஜெர்மன் பெண்ணை மணந்து இங்கேயே தங்கிவிட்டவர். வேகம் குறைந்தாலும் கண் கூர்மை. இளையவன் கஜன், இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த சிவநேசனின் மகன். இங்கேயே பிறந்தவன், ஜெர்மன் குடியுரிமை உள்ளவன். எலக்ட்ரீஷியன் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருந்தான். பந்தை அவன் எறிந்தால் அது தரையிறங்க மனமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும்.

சிவநேசன் மைதானத்தில் என் சாரத்துக்குக் கீழேதான் கடை போட்டிருந்தார். கிளப்பின் வழக்கப்படி பெற்றோர் முறைவைத்து நடத்தும் கடை. மற்ற பெற்றோர் சொசேஜ் சுட்டுக் கொடுப்பார்கள். இவர் பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் மட்டன் ரோல்ஸ் வைத்திருப்பார். ஜெர்மன்காரர்கள் அதற்குத்தான் வரிசையில் நிற்பார்கள்.

"பிள்ளை, மேல இருந்து பாக்கிறனீங்கள், உங்களுக்குத் தெரியும். என்ர பெடியனை விடுவினமோ?"

"எனக்கு எதுவும் தெரியாது அங்கிள். நான் கேமரா மட்டும்தான்."

"உங்கட வாய் ஒரு பூட்டு. இந்தாங்கோ, ரோல்ஸ் ஒண்டு. லஞ்சமில்லை, சும்மா."

நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். கிளப்பில் எல்லோருக்கும் தெரியும், நானும் கஜனும் தமிழ் பேசுகிறவர்கள். எனக்கும் கஜனுக்கும் இடையில் ஒரு கடல் இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு விளங்காது. நான் ஒரு துண்டுக்குப் பச்சைக் குறி போட்டால்கூட அதில் கஜன் இருக்கிறானா என்று யாராவது பார்ப்பார்கள்.

சீசனின் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வாரம். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவோம். ஹோல்கர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார்.

"டிராவிஸிடமிருந்து இருபது எறிதல், கஜனிடமிருந்து இருபது. பயிற்சியிலிருந்து. நீயே தேர்ந்தெடு. எல்லோருக்கும் போட்டுக் காட்டப்போகிறேன்."

"நானா?"

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

ஐந்து வருடங்களில் அவர் ஒரு துண்டைக்கூட என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை. சாரத்தின் படியில் உட்கார்ந்து யோசித்தேன். கஜன் இறங்கினால், 'தமிழ்ப் பெண் தேர்ந்தெடுத்தாள்' என்று சொல்லலாம். டிராவிஸ் இறங்கினால், 'கஜனின் சொந்த ஆளே அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை' என்று சொல்லலாம். இரண்டு பக்கமும் அவருக்கு வசதி. இன்னொன்றும் இருந்தது. எங்கள் லீக்கில் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கக்கூடிய அமெரிக்கர்களுக்கு வரம்பு உண்டு. டிராவிஸும், பந்து பிடிக்கும் ஓர் அமெரிக்கரும் நின்றால் வரம்பு முடிந்தது. அந்த மாதம்தான் கிளப் தலைவர் பெருமையோடு புதிதாக ஓர் அமெரிக்க ஓட்டக்காரரை அழைத்து வந்திருந்தார். அந்த ஓட்டக்காரர் களத்தில் இடம் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குவாட்டர்பேக் ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அந்த இடம் திறக்கும். அப்படியானால் கேட்கப்படுவது கஜனின் கையா, பாஸ்போர்ட்டா?

தேர்ந்தெடுக்கும் வேலையை நான் செய்யவில்லை. எல்லாத் துண்டுகளையும் அடுக்கினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது: கஜனின் துண்டுகள் டிராவிஸின் துண்டுகளைவிடத் தொடர்ந்து நீளமாக இருந்தன.

இதற்கு ஒரு விளக்கம் தேவை. பயிற்சியில் குவாட்டர்பேக்குகள் சிவப்புச் சட்டை போடுவார்கள். அவர்களை யாரும் இடிக்கக் கூடாது. எதிர்ப்பக்கத்துத் தடுப்பாளன் ஒரு கை தூரத்துக்கு வந்துவிட்டால் பயிற்சியாளர் விசில் ஊதுவார். உண்மையான ஆட்டமாக இருந்தால் குவாட்டர்பேக் விழுந்திருப்பான் என்று அர்த்தம். விழுவதற்குப் பதிலாகத்தான் அந்த விசில். ஊதுகிறவர் ஹோல்கர்.

கஜன் பந்தை அதிக நேரம் வைத்திருக்கிறான், அதனால் துண்டு நீளம் என்றுதான் முதலில் நினைத்தேன். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தடுப்பாளனின் கை கஜனின் தோளருகே வந்துவிட்டது. விசில் இல்லை. இன்னும் இல்லை. கஜன் நிதானமாக எறிகிறான், அழகான எறிதல், பிடிக்கப்படுகிறது. டிராவிஸின் துண்டிலோ தடுப்பாளன் இரண்டு எட்டு தள்ளி இருக்கும்போதே விசில். ஒன்றிரண்டு அல்ல, வரிசையாக எல்லாம் அப்படித்தான்.

இதைக் காகித வேலைக்காரர்களின் அற்பத்தனம் என்று நினைக்கக் கூடாது. தாமதமான விசில் ஓர் இளைஞனுக்கு இல்லாத நேரத்தை இருப்பதாகக் கற்றுக்கொடுக்கிறது. இரண்டு சீசனுக்கு முன் அப்படி நேரம் இருப்பதாக நம்பி நின்ற ஒருவனைத் தூக்குப்படுக்கையில் கொண்டுபோனதை நான்தான் படமெடுத்தேன். கஜனுக்கு அடுத்த மாதம் கம்பி இணைத்துக் காட்டும் செய்முறைத் தேர்வு. "கையைக் காலை உடைச்சானெண்டால் அவுஸ்பில்டுங்கும் போச்சு" என்று அந்தத் தொழிற்பயிற்சியைப் பற்றிச் சிவநேசன் சொல்வது வேடிக்கைக்காக மட்டுமல்ல.

மடிக்கணினியை மாடியில் ஹோல்கரின் அறைக்குக் கொண்டுபோனேன். பார்த்தார். ஆப்பிளை ஒரு சீவல் சீவினார்.

"யாரிடம் காட்டினாய்?"

"யாரிடமும் இல்லை."

"கஜனிடம்?"

"இல்லை."

"கீழே ரோல்ஸ் விற்கிறவரிடம்?"

"இல்லை என்று சொன்னேனே."

கொஞ்ச நேரம் மென்றார். "டிராவிஸின் தோள் சரியில்லை. யாராவது தெரியாமல் இடித்தால்கூட முடிந்தது. அதனால் அவனுக்கு முன்கூட்டியே ஊதுகிறேன்."

அது எனக்குத் தெரியாது. என் சந்தேகத்தில் பாதி அந்த இடத்திலேயே சரிந்தது. மறுபாதியை விடவில்லை. "சரி. கஜனுக்கு?"

"கஜனுக்குச் சாதாரணமாகத்தான்."

கஜன் சிறிது நேரம் இறங்கிய பழைய ஆட்டம் ஒன்றைப் பக்கத்தில் ஓடவிட்டேன். எதிரணியின் கை தோளருகே வந்த அதே இடத்தில் கஜன் தரையில் கிடந்தான். "இது சாதாரணம்" என்றேன். "உங்கள் விசில் இதற்கும் பிந்தி வருகிறது."

"என்ன சொல்ல வருகிறாய்? நான் வேண்டுமென்றே செய்கிறேன் என்றா?"

"நீங்கள் அவன் எறிவதைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அல்லது அவன் நன்றாக எறிகிறான் என்று எல்லோருக்கும் காட்ட ஆசைப்படுகிறீர்கள். எது என்று எனக்குத் தெரியாது."

அவர் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. "உன்னிடம் திட்டம் இல்லாமல் நீ மேலே ஏறி வந்திருக்க மாட்டாய்" என்றார்.

இருந்தது. டிராவிஸ் எறியும்போது விசில் கஜன் வாயில் இருக்கட்டும். கஜன் எறியும்போது டிராவிஸ் வாயில். போட்டியாளருக்கு யாரும் நேரம் கொடுக்க மாட்டார்கள்.

ஹோல்கர் சிரித்தார். அவர் பல்லை நான் அன்றுதான் பார்த்தேன். "ஒருவரை ஒருவர் கொன்றுவிடுவார்கள்."

"சமமாகக் கொல்வார்கள். எனக்கு அது போதும்."

அடுத்த பயிற்சியில் இரண்டு விசில்கள் கொடுக்கப்பட்டன. முதல் சுற்றிலேயே டிராவிஸ் இரக்கமில்லாமல் ஊதினார். கஜன் பந்தை வாங்கித் தலையைத் தூக்குவதற்குள் விசில். மீண்டும் எடுத்தான்; மீண்டும் விசில். தடுப்பாளர்களே சிரித்துவிட்டார்கள். கஜன் ஊதும் முறை வந்தபோது அவனும் பழி தீர்த்தான். ஆனால் டிராவிஸ் விசிலுக்கு முன்பே பந்தை விட்டுவிடுவார். எல்லாம் கிட்ட உள்ளவர்களுக்கான எறிதல்கள். தூர எறிதல் இரண்டுதான் முயன்றார்; இரண்டும் ஆளுக்கு முன்னால் விழுந்து உருண்டன.

தண்ணீர் இடைவேளையில் கஜன் என் சாரத்தின் அடிக்கு வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.

"அக்கா, இது உங்கட ஐடியாவாம். உண்மையோ?"

"யாரு சொன்னா?"

"கோச்."

என்னைக் காட்டிக்கொடுக்க ஹோல்கருக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. "ஆமா, என்னோடதுதான்" என்றேன்.

"நல்லாயிருக்கு. ஊரெல்லாம் நீங்கள் எனக்கு சப்போர்ட் எண்டு கதைக்குது. நீங்கள் என்னெண்டால் அந்தாளின்ர வாயில விசிலைக் குடுத்திருக்கிறியள். வேணுமெண்டு ஊதிறான்!"

"வேணும்னுதான் ஊதுறார். சனிக்கிழமை வர்றவங்க விசிலே ஊத மாட்டாங்க, கஜன். நேரா இடிப்பாங்க. இத்தனை நாளா உனக்கு லேட்டாத்தான் ஊதியிருக்காங்க. வீடியோ இருக்கு, காட்டறேன்."

"லேட்டாவோ? எனக்கோ?"

"உனக்குத்தான்."

"அப்ப நான் எறிஞ்சதெல்லாம்..."

"பாதி எறிஞ்சிருக்க முடியாது."

முகம் கவசத்துக்குள் தெரியவில்லை. "நீங்கள் தமிழ் கதைச்சால் சினிமாப் படத்தில கதைக்கிற மாதிரிக் கிடக்கு. ஆளைக் கோவிக்கவும் ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு நடந்ததை என் படங்களில் இப்போதும் பார்க்கலாம். அவன் எறிதல்கள் அசிங்கமாயின. அவசரம், தவறு, தரையில் உருளும் பந்துகள். ஆனால் டிராவிஸின் விசிலைத் தோற்கடிக்க வேண்டும் என்ற கோபத்தில் அவன் கால்கள் வேகமாகின. அன்றும் மறுநாளும் விடாமல் அதே சண்டை. இரண்டாம் நாள் முடிவில் விசில் ஒலிப்பதற்குள் பந்து பாதித் தூரம் போயிருந்தது. டிராவிஸ் ஊதிக்கொண்டே இருந்தார், ஒவ்வொரு முறையும் பிந்திப்போனார், ஒவ்வொரு முறையும் கஜன் அவரைப் பார்த்துத் தலை குனிந்து வணக்கம் வைத்தான். திமிர் பிடித்த வணக்கம்.

கடைசி எறிதல் ஒன்று உண்டு. மிக நீளமானது. தடுப்பாளனின் கை கஜனின் நெஞ்சுக்கு நேரே வந்துவிட்டது. டிராவிஸ் வாயில் விசில் இருந்தது. ஊதவில்லை. பந்து நாற்பது கஜத்துக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்தவனின் கையில் உட்கார்ந்தது.

நான் இறங்கிப் போய்க் கேட்டேன். "ஏன் ஊதவில்லை?"

"எச்சில் அடைத்துவிட்டது, பாஸ்" என்றார். விசிலைத் தட்டிக் காட்டினார். அதிலிருந்து ஒன்றும் விழவில்லை. பிறகு தானாகவே வலது தோளைத் தொட்டு, "இது வசந்த காலத்திலேயே போய்விட்டது. உன் கேமராவுக்குத் தெரியாமல் மறைக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா? என் நல்ல பக்கம் இடது பக்கம், அங்கிருந்தே எடு என்று ஒவ்வொரு பயிற்சியிலும் சொன்னேனே, சும்மாவா?" என்றார். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. விசிலை அவர் வேண்டுமென்றே நிறுத்தினாரா, பார்த்துக்கொண்டே மறந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த இரண்டு நாள் துண்டுகளை எதையும் விடாமல், நடந்த வரிசையிலேயே கொடுத்தேன். எல்லோரும் பார்த்தார்கள். ஹோல்கர் கஜன் பெயரைச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. அடுத்து ஆட்டக்காரர் பட்டியலை ஒட்டினார்கள். பெஞ்சில் இருந்த அந்த அமெரிக்க ஓட்டக்காரர் முதல் வரிசையில் இருந்தார்.

சனிக்கிழமை காலை சாரத்தில் கேமராவைப் பொருத்திக்கொண்டிருந்தபோது சிவநேசன் கீழே கரியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். மனதில் கிடந்ததை அவரிடமாவது சொல்லலாம் என்று தோன்றியது. "அங்கிள், அவனோட கைக்காக விட்டாங்களா, பாஸ்போர்ட்டுக்காக விட்டாங்களான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

அவர் அதிர்ச்சியடைவார் என்று நினைத்தேன். அவர் கரியைக் கிளறினார்.

"எனக்கும் அதுதான் பிள்ளை சந்தேகம். பள்ளிக்கூடத்தில அவனை எந்த ஊர் எந்த ஊர் எண்டு கேட்டவை. இப்ப இவைக்கு ஒரு ஜெர்மன்காரன் தேவைப்பட்ட உடன அவன் ஜெர்மன்காரன்."

"கோபம் வரலையா?"

"வந்து? என்னையும் இஞ்ச உள்ளுக்கு விட்டவங்கள்தானே. என்னத்துக்கு விட்டவங்கள் எண்டு நான் போய்க் கேட்டனானோ? உள்ளுக்கு விடுறதுக்கு அவைக்கு ஆயிரம் காரணம் இருக்கும். வந்த பிறகு நாங்கள் நிக்கிறமோ இல்லையோ, அதுதான் கதை." பிறகு மேலே பார்த்தார். "நிப்பானோ பிள்ளை?"

நான் கேமராவின் திருகை இன்னொரு சுற்று இறுக்கினேன்.

டிரெஸ்டன் மாணவிக்கு நான் சொல்ல வந்தது இதுதான். இளையவனா மூத்தவனா என்று உன்னிடம் கேட்டால், கேட்கிறவர் ஏன் கேட்கிறார் என்று பார். உன்னிடம் தரப்பட்ட பயிற்சி எண்களை யார் கை உருவாக்கியது என்று பார். எண்களுக்கு முன்னால் எப்போதும் ஒரு விசில் இருக்கும். முடிவு உன்னுடையது அல்ல. விசிலைச் சமமாக்குவது மட்டும்தான் உன் வேலை. சமமாக்கிய பிறகும் காரணங்கள் சுத்தமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதே. எங்கள் ஆட்டத்தின் முடிவையும் சொல்லிவிடுகிறேன்: வென்றோம், கீழே இறங்கவில்லை. புதிய ஓட்டக்காரர்தான் அதிகம் ஓடினார். கஜன் எறிந்ததில் நல்லவையும் உண்டு, மோசமானவையும் உண்டு. டிராவிஸ் கடைசிவரை கவசத்தைக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், எந்த நொடியும் அழைப்பார்கள் என்பது போல. அதனால் யார் சரி என்று அந்த வெற்றி எதையும் நிரூபிக்கவில்லை.

ஆனால் சிவநேசன் கேட்ட கேள்விக்குப் பதில் வெற்றிக்கு வெகு முன்பே, எங்கள் முதல் எறிதலிலேயே கிடைத்துவிட்டது. கஜன் பந்தை வாங்கினான். அவனைக் காக்கும் வரிசை இடது பக்கத்தில் உடனே உடைந்தது. எதிரணியின் ஆள் ஒருவன், கதவு போன்ற உடம்பு, நேராக வந்தான். தூரத்தில் ஒருவன் தனியாக ஓடிக்கொண்டிருந்தான். கஜன் அவனைப் பார்த்துவிட்டான் என்பது தலை திரும்பியதில் தெரிந்தது. இன்னும் ஒரு கணம் நின்றால் அருமையான எறிதல். பழைய கஜன் நிற்பான்.

அவன் நிற்கவில்லை. பக்கவாட்டில் ஓடி, பந்தைக் கோட்டுக்கு வெளியே, யாருமில்லாத புல்வெளியில் வீசி எறிந்தான். வந்தவன் வெறும் காற்றை மோதிக்கொண்டு தாண்டிப் போனான். மைதானம் முழுக்க 'ஊ' என்று கத்தியது. கீழே சிவநேசன் கையில் இடுக்கியோடு மேலே பார்த்தார்.

"என்ன பிள்ளை, ஆருக்கு எறிஞ்சவன்? அங்க ஒருத்தருமில்லையே!"

"யாருக்கும் இல்ல அங்கிள். அவனைப் பாருங்க. நிக்கறான்."

அவர் திரும்பிப் பார்த்தார். கஜன் புழுதி படாத சட்டையோடு அடுத்த எறிதலுக்கு ஆட்களை அழைத்துக்கொண்டிருந்தான். அன்றிரவு நான் அந்தத் துண்டை வெட்டி, முடிவு என்ற கட்டத்தில் விதிப்படி 'தோல்வி' என்று குறித்தேன். ஐந்து வருடத்தில் நான் சந்தோஷமாகக் குறித்த தோல்வி அது ஒன்றுதான்.